சார்ல்ஸ் பர்னட்டின் பெட்டிகள்

போன தை மாதம் ஒரு கல்யாண வீடியோவை முடித்து இணையத்தில் ஏற்றினேன். மாப்பிள்ளை வீட்டார் ஆசைப்பட்டுக் கேட்டதால் தாலி கட்டும் இடத்தில் ஒரு பழைய சினிமாப் பாட்டைப் போட்டிருந்தேன். பத்தே நிமிஷம்தான், பாட்டின் உரிமை வேறொருவருக்குச் சொந்தம் என்று அறிவிப்பு வந்து அந்த நாலு நிமிஷத்துக்கும் சத்தம் போய்விட்டது. அட்சதை விழுகிறது, பாட்டி கண்ணைத் துடைக்கிறார், எல்லாமே ஊமைப்படம். பெண்ணின் அப்பா போன் போட்டு, "என்ன தம்பி, முக்கியமான இடத்துல சத்தத்தையே காணோம்" என்றார்.

அன்று ராத்திரி அந்த வீடியோவைத் திரும்பத் திறந்து வைத்துக்கொண்டு, எதை எடுத்துவிட்டு எதை வைப்பது என்று முழித்துக்கொண்டிருந்தபோது அமெரிக்கக் கறுப்பின இயக்குநர் சார்ல்ஸ் பர்னட் ஞாபகத்துக்கு வந்தார். அவருடைய முதல் முழுநீளப் படம் பாட்டு உரிமை இல்லாத ஒரே காரணத்தால் முப்பது வருஷம் முறையாகத் தியேட்டருக்கு வராமல் கிடந்தது. கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிற ஒருவன் அவரோடு தன்னைச் சேர்த்துப் பேசுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், தெரியும். ஆனாலும் அந்த ராத்திரி வந்த எரிச்சலில்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

சின்ன வயதில் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் "பெட்டி வந்தாச்சா" என்பதுதான் முதல் கேள்வி. பக்கத்து ஊரில் ஓடி முடித்த ரீல்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒருவர் வருவார், அவர் வந்தால்தான் படம். பர்னட்டின் தொழில் வாழ்க்கையை நான் அப்படித்தான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். படம் எடுத்த வருஷம் ஒன்று, பெட்டி தியேட்டருக்கு வந்து சேர்ந்த வருஷம் வேறொன்று. நடுவில் அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

1944-இல் மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க்கில் பிறந்தவர். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து வாட்ஸ் பகுதியில் குடியேறியது. அந்தக் காலத்தில் தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இப்படிக் கிளம்பி வந்தன, தொழிற்சாலை வேலையை நம்பி, அதைவிட முக்கியமாகத் தெற்கின் வெள்ளைக்காரக் கொடுமையிலிருந்து தப்பித்தால் போதும் என்று. வந்தவர்கள் கொல்லையில் கோழி வளர்த்தார்கள், காய்கறி போட்டார்கள், ஊர்ப் பேச்சையும் சர்ச்சையும் பேய்க்கதைகளையும் கூடவே கொண்டுவந்தார்கள். பர்னட் வளர்ந்தது இப்படி பாதி மிசிசிப்பியாக இருந்த ஒரு நகரத்துக்குள். 1965 ஆகஸ்டில் கலவரம் மூண்டு வாட்ஸ் தீப்பற்றி எரிந்து 34 பேர் செத்தபோது அவருக்கு 21 வயது.

அப்போது அவர் சினிமாவைப் படிக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் சிட்டி காலேஜில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தார், கைத்தொழில் ஒன்று இருக்கட்டும் என்று. அப்புறம்தான் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், அதாவது யூ.சி.எல்.ஏ.வில், திரைப்படத் துறையில் சேர்ந்தார். கலவரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் கறுப்பின, மெக்சிக, ஆசிய, பூர்வகுடி மாணவர்களை அந்தத் துறைக்குள் கொண்டுவர எலீசியோ டெய்லர் என்ற கறுப்பினப் பேராசிரியர் பாடுபட்டார். ஹைலே கெரிமா, லாரி கிளார்க், பில்லி வுட்பெரி, ஜூலி டாஷ் என்று ஒரு பட்டாளமே அடுத்தடுத்து அங்கே வந்து சேர்ந்தது. பிற்பாடு கிளைட் டெய்லர் என்ற ஆய்வாளர் இவர்களுக்கு 'எல்.ஏ. ரெபெலியன்' என்று பெயர் வைத்தார், லாஸ் ஏஞ்சலஸ் கலகக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கலகம் செய்தார்களோ இல்லையோ, இரவல் கேமராவும் ஒருவர் படத்துக்கு ஒருவர் கைகொடுப்பதுமாக வேலை பார்த்தார்கள்.

பர்னட் தன் ஆசிரியர்களில் அடிக்கடி நினைவுகூர்வது பேசில் ரைட் என்ற ஆங்கிலேயரை. இந்தப் பெயரைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1934-இல் இலங்கையில் எடுக்கப்பட்ட 'சாங் ஆஃப் சிலோன்' ஆவணப்படத்தின் இயக்குநர் அவர். சிவனொளிபாத மலைக்கு ஏறுகிற யாத்திரிகர்களில் தொடங்கும் படம் அது. பணம் போட்டது இலங்கைத் தேயிலைப் பிரசார வாரியம். தேயிலை விற்க எடுத்த படம்தான், ஆனால் அதில் வருகிற முகங்களின் முன்னால் கேமரா அவசரமில்லாமல் நிற்கும். அந்த மனிதர் பல வருஷம் கழித்துக் கலிஃபோர்னியாவில் ஒரு வகுப்பறையில், நீ படம் எடுக்கிற ஆளுக்கு ஒரு மரியாதை உண்டு, அதை விட்டுக்கொடுக்காதே என்று வாட்ஸிலிருந்து வந்த ஒரு பையனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்.

1970களின் தொடக்கத்தில் ஹாலிவுட்டுக்குக் கறுப்பின ரசிகர்களின் டிக்கெட் காசு திடீரென்று கண்ணில் பட்டது. தோல் கோட்டுப் போட்ட துப்பறிவாளர்கள், போதைமருந்து வியாபாரிகள், துப்பாக்கி, பெண்கள். யூ.சி.எல்.ஏ. கூட்டத்துக்கு இந்தப் படங்கள் பிடிக்கவில்லை. அதே சமயம், பல்கலைக்கழகத்தில் பொதுவாக எடுக்கப்பட்ட தொழிலாளர் பிரச்சினைப் படங்களும் பர்னட்டுக்குப் பிடிக்கவில்லை. ஒரு தொழிலாளி, ஒரு முதலாளி, ஒரு போராட்டம், முடிவில் விடிவு. தன் தெருவில் இருந்தவர்கள் வாழ்க்கை இப்படிக் கோடு போட்டமாதிரி இல்லையே என்பது அவருடைய சங்கடம். அந்தச் சங்கடத்திலிருந்து வந்ததுதான் 'கில்லர் ஆஃப் ஷீப்'.

ஆடு வெட்டும் தொழிற்கூடத்தில் வேலை பார்க்கும் ஸ்டான் என்பவர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், தெரு. கதை என்று சொன்னால் இவ்வளவுதான். ஸ்டானுக்குத் தூக்கம் வருவதில்லை. எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங் எல்லாம் பர்னட்டே. 16 எம்.எம்., கறுப்பு வெள்ளை, பட்ஜெட் பத்தாயிரம் டாலருக்கும் குறைவு. பெரும்பாலும் 1972-73இல், சனி ஞாயிறுகளில் எடுத்தார். தெருப்பிள்ளைகள் நடித்தார்கள், நடிக்காதபோது மைக்கைப் பிடித்தார்கள். ஸ்டானாக நடிக்க அவர் முதலில் நினைத்து வைத்திருந்த ஆள் சிறையில் இருந்தார். பரோலில் வெளியே வருவார் வருவார் என்று காத்திருந்து, அது தள்ளிப்போய்க்கொண்டே இருக்க, கடைசியில் ஒரு லிஃப்டில் தற்செயலாகச் சந்தித்த ஹென்றி கேல் சாண்டர்ஸ் ஸ்டான் ஆனார். அவர் வியட்நாம் போருக்குப் போய்வந்தவர். மனைவியாக நடித்தவர் கேசி மூர். ஸ்டானின் மனைவிக்குப் படத்தில் பெயர் கிடையாது, ஆனால் இரண்டு பேர் வாசற்படியில் வந்து நின்று ஸ்டானை ஒரு கொலைக்குக் கூப்பிடும்போது அவள் வெளியே வந்து விளாசுகிற விளாசலைப் பார்த்தால் பெயர் எதற்கு என்று தோன்றும்.

முதல் தடவை நான் இந்தப் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன். ஒளிக்க ஒன்றுமில்லை. இரண்டாயிரத்துப் பத்துவாக்கில் நண்பன் ஒருவன் டிவிடி கொடுத்தான், உலக சினிமா பார்க்கிற வெறி இருந்த காலம், ஆனாலும் நாற்பது நிமிஷத்துக்குமேல் தாங்கவில்லை, எதுவும் நடக்கவில்லையே என்று அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். ரொம்ப நாள் கழித்து ஒரு பழைய கேமராவை விற்கக் கிளம்பி, பேருந்து ஏறும்போது அது கைதவறி விழுந்து லென்ஸ் உடைந்துபோனது. அன்றைக்கு அந்தப் படத்தில் வரும் இன்ஜின் காட்சி சட்டென்று மனதில் வந்தது. அதற்குப் பிறகு முழுப் படத்தையும் ஐந்தாறு தடவை பார்த்துவிட்டேன்.

அந்தக் காட்சியைச் சொல்கிறேன். ஸ்டானும் அவர் நண்பர் யூஜினும் சம்பளப் பணத்தில் ஒரு பழைய கார் இன்ஜின் வாங்குகிறார்கள். மாடியிலிருந்து அதை இறக்குகிறார்கள். படியில் ஒவ்வொரு அடியாக, மூச்சு வாங்க, விரல் நசுங்க, நமக்கே தோள் வலிக்கும் அளவுக்கு நேரம் எடுத்துக் காட்டுகிறார். வண்டியின் பின்பக்கம் ஓரமாக வைக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளலாமே என்று ஒருவருக்குத் தோன்றுகிறது, மற்றவருக்குத் தெம்பு இல்லை, போதும் விடு. வண்டி நிற்பது மேட்டில். கிளப்பியதும் இன்ஜின் சரிந்து தார்ச்சாலையில் விழுந்து உடைகிறது. இரண்டு பேரும் இறங்கி வந்து பார்க்கிறார்கள். திட்டவில்லை, அழவில்லை, ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்லவில்லை. திரும்ப ஏறிக்கொண்டு போகிறார்கள். கேமரா வண்டியின் பின்னாலிருந்து பார்க்க, அந்த இன்ஜின் நடுரோட்டில் சின்னதாகிக்கொண்டே போகிறது. வறுமை என்ற சொல்லே இல்லாமல் வறுமையைப் பற்றி இதைவிடச் சரியாக எடுத்த காட்சி எனக்குத் தெரிந்து கிடையாது.

வறுமை என்ற சொல்லைப் பற்றியே ஸ்டானுக்கு ஒரு வழக்கு இருக்கிறது. தன்னை ஏழை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். நான் சால்வேஷன் ஆர்மி என்ற தர்ம அமைப்புக்குப் பழைய பொருள் கொடுக்கிறவன், ஏழையாக இருந்தால் கொடுக்க முடியுமா என்பது அவர் வாதம். சூடான தேநீர்க் கோப்பையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, இந்தச் சூடு பெண்ணோடு இருக்கும்போது வருகிற சூடு மாதிரி இல்லையா என்று நண்பரிடம் கேட்பார். நண்பர் சிரிப்பார். அதே மனிதர், ராத்திரி ஜன்னலோரமாக மனைவி அணைத்துக்கொண்டு ஆடும்போது எதுவும் சொல்லாமல் கையை விலக்கிக்கொண்டு போய்விடுவார்.

அந்த நடனத்துக்குப் பின்னால் ஓடுகிற பாட்டு டைனா வாஷிங்டனின் 'திஸ் பிட்டர் எர்த்'. பிரச்சினை ஆரம்பிப்பது இங்கேதான். படம் முழுக்க இப்படிப் பாட்டுகள்: பால் ரோப்சன், லூயி ஆம்ஸ்ட்ராங், லிட்டில் வால்டர், எர்த் விண்ட் அண்ட் ஃபயர். சும்மா அழகுக்காகப் போட்டதில்லை, ஒரு சமூகத்தின் இசை வரலாற்றையே அந்த எண்பது நிமிஷத்துக்குள் கோத்துவிட வேண்டும் என்று திட்டம் போட்டுச் செய்தது. ஆனால் அப்போது அது பட்டப்படிப்புக்கான ஆய்வேடு. 1977-இல் அதைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தார். வகுப்பில் காட்டப்போகிற படத்துக்கு யார் உரிமை வாங்குவார்கள்? அவரிடம் வாங்கக் காசும் இல்லை, தியேட்டரில் போடுகிற எண்ணமும் இல்லை.

அப்புறம் நடந்தது வேடிக்கை. 1981-இல் பெர்லின் விழாவில் விமர்சகர்கள் பரிசு. 1990-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய தேசியப் படங்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அந்தப் பட்டியல் அப்போதுதான் தொடங்கி இரண்டாவது வருஷம், ஹாலிவுட்டின் பெரும்புள்ளிகள் இருக்கிற வரிசை. நாட்டின் சொத்து என்று முத்திரை குத்தியாகிவிட்டது, ஆனால் நாட்டு மக்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்க வழி இல்லை. தேய்ந்துபோன 16 எம்.எம். பிரின்ட்டுகள் கல்லூரி, அருங்காட்சியகம், சர்ச் என்று சுற்றிக்கொண்டிருந்தன. பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்ல, படம் வதந்திபோல வளர்ந்தது.

கடைசியில் யூ.சி.எல்.ஏ. ஆவணக்காப்பகம் அதை 35 எம்.எம்.முக்குப் பெரிதாக்கிப் புதுப்பித்தது. மைல்ஸ்டோன் ஃபிலிம்ஸ் என்ற சின்ன விநியோக நிறுவனம், அப்போது ஒரு கணவன் மனைவி நடத்தியது, வருஷக்கணக்கில் ஒவ்வொரு பாட்டாகத் துரத்தி உரிமை வாங்கியது. செலவு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் டாலர், படத்தின் பட்ஜெட்டைப் போலப் பதினைந்து மடங்கு. இயக்குநர் ஸ்டீவன் சோடர்பர்க் பண உதவி செய்தார். 2007 மார்ச்சில் படம் தியேட்டருக்கு வந்தது. முதல் பெட்டி வந்து சேர முப்பது வருஷம்.

இதில் ஒரு வால் இருக்கிறது. அப்போதும் ஒரு பாட்டுக்கு மட்டும் உரிமை கிடைக்கவில்லை, டைனா வாஷிங்டன் பாடிய 'அன்ஃபர்கெட்டபிள்'. படத்தின் கடைசியில், ஆடுகளை வெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகும் காட்சியில் வருவது அது. அதற்குப் பதிலாக முன்னால் நடனத்தில் வந்த 'திஸ் பிட்டர் எர்த்' பாட்டையே மறுபடி போட்டார்கள். 2025-இல் வந்த புதிய பிரதியில்தான் பர்னட் வைத்த பாட்டு தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. சரி, நியாயம். ஆனால் எனக்கு ஒரு குழப்பம். நான் பார்த்துப் பழகியது பழைய முடிவு. ஜன்னலோரத்தில் கேட்ட அதே கசப்பான பாட்டு ஆடுகளின் மேல் திரும்ப விழும்போது வயிற்றைப் பிசையும். இயக்குநர் நினைத்த முடிவில் ஒரு கேலி இருக்கிறது, ஒரு லேசான சிரிப்புகூட இருக்கிறது, அது இன்னும் பெரிய விஷயம் என்று புத்திக்குப் புரிகிறது. இருந்தும் எனக்குள் ஓடுவது அந்த மாற்றுப் பாட்டுதான். முப்பது வருஷத் தாமதம் ரசிகனின் காதையும் கெடுத்து வைத்திருக்கிறது.

இரண்டாவது பெட்டிக்கு வருவோம். 'மை பிரதர்ஸ் வெட்டிங்', 1983. ஜெர்மானியத் தொலைக்காட்சி நிறுவனமான இசட்.டி.எஃப். பணம் கொடுத்தது, எண்பதாயிரம் டாலர். பியர்ஸ் என்ற இளைஞன் அப்பா அம்மாவின் சலவைக் கடையில் வேலை செய்கிறான். அண்ணன் வக்கீல், வசதியான வீட்டுப் பெண்ணைக் கட்டப்போகிறான். அண்ணன் கல்யாணமும் நெருங்கிய நண்பனின் சாவுச் சடங்கும் ஒரே நாளில் வந்து விழுகின்றன. இவனோ மாப்பிள்ளைத் தோழன், மோதிரங்கள் இவன் கையில். கடைசியில் கல்யாணத்திலும் இல்லாமல் சாவுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேராமல் மோதிரங்களைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். மண்டப வாசலில் இந்த மாதிரி முகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனாலோ என்னவோ இந்தப் படம் எனக்குக் கொஞ்சம் சொந்தம்.

படம் எடிட்டிங் முடியாத நிலையிலேயே தயாரிப்புத் தரப்பின் அவசரத்தால் நியூயார்க்கில் ஒரு விழாவுக்குப் போனது. பத்திரிகை விமர்சனம் அரைமனதாக வந்தது, விநியோகஸ்தர்கள் விலகினார்கள், அவ்வளவுதான் கதை. 2007-இல்தான் பர்னட் உட்கார்ந்து, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடிய அதை எண்பது நிமிஷம் சொச்சமாகத் தன் கையால் வெட்டி ஒழுங்குபடுத்தினார். இது இருபத்துநாலு வருஷம். நாற்பது வயதுக்கு முன் எடுத்ததை அறுபது வயதுக்குப் பின் எடிட் செய்வது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். நானெல்லாம் போன வருஷ வீடியோவைத் திறந்தாலே வெட்கப்பட்டு மூடிவிடுவேன்.

இந்த இடைவெளிகளில் அவர் சும்மா இல்லை. ஹைலே கெரிமாவின் 'புஷ் மாமா'வில் கேமரா பிடித்தார். அலைல் ஷேரன் லார்கினின் படத்துக்குப் பிடித்தார். பில்லி வுட்பெரிக்கு 'பிளெஸ் தேர் லிட்டில் ஹார்ட்ஸ்' என்ற திரைக்கதையை எழுதிக் கொடுத்து, ஒளிப்பதிவும் செய்து, நீ இயக்கு என்று விட்டுவிட்டார். வேலை போன ஒரு கணவன், ஓய்ந்துபோன ஒரு மனைவி, மனைவியாக அதே கேசி மூர். சமையலறையில் அவர்கள் போடும் சண்டை ஒரே ஷாட்டில் பத்து நிமிஷம் போல ஓடும், பக்கத்து வீட்டில் நின்று ஒட்டுக்கேட்கிற மாதிரி நமக்குக் கூச்சமாக இருக்கும். 1984-இல் வந்த அந்தப் படமும் இப்போது தேசியப் பட்டியலில் இருக்கிறது. பர்னட்டின் படங்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். என் கணக்கில் அவருடைய நல்ல வேலைகளில் இரண்டாவது இடம் இதற்கு.

1988-இல் மெக்கார்தர் நல்கை கிடைத்தது. மேதைகளுக்குக் கொடுப்பது என்று பத்திரிகைகள் எழுதும் அந்த நல்கைதான். அதன் பின்னால் வந்ததுதான் 'டு ஸ்லீப் வித் ஆங்கர்', 1990. முதன்முறையாகப் பெயர்பெற்ற நடிகர்கள், பத்து லட்சம் டாலரைத் தாண்டிய பட்ஜெட். டேனி குளோவர் அப்போது அதிரடிப் போலீஸ் படங்களால் நட்சத்திரமாகியிருந்தார். அவர் நடித்ததோடு தயாரிப்பிலும் பங்கெடுத்து, தன் பெயரால் படம் நடக்கும்படி செய்தார்.

லாஸ் ஏஞ்சலஸில் ஒரு முதிய தம்பதி, கிதியோனும் சூசியும். கொல்லையில் கோழி, தோட்டம். ஒருநாள் ஹாரி என்ற பழைய ஊர்க்காரர் வாசலில் வந்து நிற்கிறார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பணிவாக. சில நாள் தங்கிக்கொள்ளலாமா? தங்கச் சொல்கிறார்கள், ஊர்க்காரராயிற்றே. அதன்பின் வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகிறது. கிதியோன் படுத்த படுக்கையாகிறார், இளைய மகன் ஹாரியின் பின்னால் சுற்ற ஆரம்பிக்கிறான், அண்ணன் தம்பி கத்தியைத் தூக்கும் அளவுக்குப் போகிறது. ஹாரி பேயா, பழைய பாவமா, வெறும் சோம்பேறி ரவுடியா என்று படம் சொல்வதே இல்லை.

ஹாரி வந்த புதிதில், வீட்டுச் சிறுவன் தரையைக் கூட்டும்போது துடைப்பம் அவர் காலில் பட்டுவிடும். அந்தப் பணிவெல்லாம் ஒரு நொடியில் காணாமல் போகும், துடைப்பத்தின் மேல் எச்சில் துப்பிப் பரிகாரம் செய்வார். மேல்நாட்டு விமர்சகர்கள் இதற்கு விளக்கம் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். துடைப்பம் மேலே பட்டால் எங்கள் அத்தை என்ன பாடு படுத்துவார் என்று தெரிந்த எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

கடைசியில் ஹாரி சமையலறையில், சிறுவன் சிதறவிட்ட கோலிக்குண்டுகளின் மேல் வழுக்கி விழுந்து செத்துப்போவார். பிணத்தை எடுக்க அரசாங்க வண்டி வர வேண்டும், வரவில்லை. ஒரு துணியைப் போர்த்திப் போட்டுவிட்டு, அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவர, மிச்ச வாழ்க்கை அதைச் சுற்றி நடக்கிறது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பர்னட்டைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அவரை ஏதோ சோகச் சித்திரக்காரர் மாதிரி எழுதுகிறார்கள். அந்த மனிதருக்கு இருக்கிற குறும்பு யார் கண்ணிலும் படுவதில்லை.

சண்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு. இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட் விருதுகளில் இயக்கம், திரைக்கதை, நடிகர், துணை நடிகை என்று நாலு. ஆனால் விநியோக நிறுவனம் விரல்விட்டு எண்ணும் தியேட்டர்களில்தான் போட்டது, அதுவும் கறுப்பினக் குடும்பங்கள் படம் பார்க்கப் போகிற தியேட்டர்களில் விளம்பரமே இல்லாமல். தாத்தா பாட்டி, சர்ச், கைவைத்தியம் என்று ஒரு கறுப்பினப் படம் வந்தால் யாருக்கு விற்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அடுத்த வருஷமே தெருச்சண்டையும் துப்பாக்கியுமாக இளம் கறுப்பின இயக்குநர்களின் படங்கள் வசூலை அள்ளின. அவற்றில் சில நல்ல படங்கள்தான். ஆனால் ஸ்டுடியோக்காரர்கள் புரிந்துகொண்ட பாடம் துப்பாக்கி மட்டும்.

அந்தப் பாடத்தின் விலையை அடுத்த படத்திலேயே கட்டினார். 'தி கிளாஸ் ஷீல்ட்', லாஸ் ஏஞ்சலஸ் ஷெரிஃப் துறையின் ஒரு காவல் நிலையத்தில் முதல் கறுப்பினக் காவலராகச் சேரும் இளைஞன் ஒருவன் சக காவலர்களின் பொய்யில் மாட்டிக்கொள்ளும் கதை. விநியோகித்த மிராமேக்ஸ் முடிவை மாற்ற வைத்தது. படத்தில் சின்ன வேடத்தில் வரும் ராப் பாடகர் ஐஸ் கியூபின் முகத்தை விளம்பரத்தில் பெரிதாகப் போட்டு அதிரடிப் படம்போல விற்றது. அதிரடி பார்க்க வந்தவர்கள் ஏமாந்தார்கள், பர்னட் படம் பார்க்க நினைத்தவர்களுக்கு அது பர்னட் படம் என்றே தெரியவில்லை.

அதன் பின் நிறையத் தொலைக்காட்சி வேலை. அதிகம் சொல்லப்போவதில்லை, இரண்டைத் தவிர. ஒன்று 'நைட்ஜான்', 1996. தப்பி ஓடி விடுதலையடைந்த ஓர் அடிமை, எழுத்தறிவு கற்றுக்கொடுப்பதற்காகவே அடிமை வாழ்க்கைக்குள் திரும்பி வருகிறான். எழுத்துத் தெரிந்த அடிமைக்குத் தண்டனை விரலை வெட்டுவது. இதை ஒளிபரப்பியது டிஸ்னி சேனல் என்றால் நம்புவீர்களா? இன்னொன்று 'வென் இட் ரெயின்ஸ்', 13 நிமிஷக் குறும்படம். புத்தாண்டு தினத்தில் வாடகை கட்ட முடியாத ஒரு பெண்ணுக்காக ஒருவர் தெருவெல்லாம் சுற்றிக் காசு சேர்க்கிறார், சேரவில்லை, கடைசியில் ஒரு பழைய ஜாஸ் இசைத்தட்டு வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்துகிறது. 'கில்லர் ஆஃப் ஷீப்' கனமாக இருக்கிறது என்கிறவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் அனுப்புவேன்.

இன்னும் ஒரு பெட்டி பாக்கி. 'தி அனைஹிலேஷன் ஆஃப் ஃபிஷ்', 1999. வயதான இருவரின் காதல் கதை. ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் நடிப்பது ஃபிஷ் என்ற ஜமைக்காக்காரராக, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூதத்தோடு தினமும் மல்யுத்தம் செய்கிறவர். லின் ரெட்கிரேவ், செத்துப்போன இசைமேதை புச்சினி தன் காதலர் என்று நம்பிக்கொண்டு அவரோடு சண்டை போடுகிறவர். ஒரே வாடகை வீட்டில் எதிரெதிர் அறை. வீட்டுக்காரம்மா மார்கோ கிடர். டொரன்டோ விழாவில் காட்டினார்கள். பெரிய சினிமாப் பத்திரிகை ஒன்றில் காட்டமான விமர்சனம் வந்தது, வாங்கவிருந்தவர்கள் பின்வாங்கினார்கள், பெட்டி உள்ளே போய்விட்டது. ஒரே ஒரு விமர்சனம்! கோபம் வருகிறது, ஆனால் அந்த விமர்சகரைவிட, ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு ஓடிப்போன வாங்குகிறவர்கள்மேல்தான்.

2017 நவம்பரில் அவருக்கு கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள், பிரெஞ்சு இயக்குநர் ஆக்னெஸ் வர்தாவுக்குக் கொடுத்த அதே ராத்திரி. அதற்கு முன்னால் அவருக்கு ஆஸ்கர் போட்டியில் ஒரு பரிந்துரைகூட வந்ததில்லை. அந்தச் சமயத்தில் பத்திரிகைகள் அவரைக் கவனிக்கப்படாத மேதை என்று எழுதின. எனக்கு அந்தச் சொல்லே ஆகாது. கவனிக்காமல் விட்டது யார் என்று அதில் இல்லை. பாட்டுக்குக் காசு, அவசரப்பட்ட தயாரிப்பாளர், தப்பான தியேட்டர், தப்பான போஸ்டர், ஒரு விமர்சனம் என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு காரணம் இருக்கிறது, ஒவ்வொரு காரணத்துக்கும் பின்னால் கையெழுத்துப் போட்ட ஓர் ஆள் இருக்கிறார். கவனிக்கப்படாத என்று எழுதினால் ஏதோ மழை பெய்யாமல் போனமாதிரி ஆகிவிடுகிறது. அதேபோல, காத்திருந்ததால்தான் அவர் படங்கள் இவ்வளவு நன்றாக இருக்கின்றன என்கிற பேச்சும் எனக்கு உடன்பாடில்லை. அந்த வருஷங்களில் காசு கிடைத்திருந்தால் இன்னும் பத்துப் படம் எடுத்திருப்பார், நாம் பார்த்திருப்போம்.

அந்த மீன் பெயர் படம் 2025 பிப்ரவரியில் தியேட்டருக்கு வந்தது. யூ.சி.எல்.ஏ. காப்பகம் புதுப்பித்துக் கொடுத்தது, மைல்ஸ்டோன்காரர்கள்தான் இதற்கும் பின்னால் நின்றார்கள். லின் ரெட்கிரேவ் 2010-இல் இறந்துவிட்டார். மார்கோ கிடர் 2018-இல். ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் 2024 செப்டம்பரில், படம் வெளிவர ஐந்து மாதம் இருக்கும்போது. திரையில் மூன்று பேரும் சீட்டாடுகிறார்கள், வம்பு பேசுகிறார்கள், வெட்கப்படுகிறார்கள். படத்தை எடுக்கும்போது ஐம்பதுகளின் நடுவில் இருந்த பர்னட், அதைக் காட்ட வந்தபோது எண்பது வயதுக்காரர்.

என் கல்யாண வீடியோ கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். அந்தச் சினிமாப் பாட்டை எடுத்துவிட்டு, கேமரா மைக்கில் தானாகப் பதிவாகியிருந்த சத்தத்தையே போட்டேன். கெட்டிமேளம், நாதஸ்வரம், குழந்தை ஒன்றின் அழுகை, எங்கேயோ பின்னால் சமையல்காரர் "முதல் பந்திக்கு இலை போடலாமா" என்று கத்துவது. பெண்ணின் அப்பா ரெண்டு நாள் கழித்து மறுபடி போன் போட்டார். அந்த இலைச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைக்க முடியுமா என்றார். முடியாது சார், எல்லாம் ஒரே டிராக் என்றேன்.